ஹைபீரியனும் இரண்டாவது சாவியும்

(நம் குடியிருப்பு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசிய வரிசையிலேயே இருக்கிறது. ஒலிபெருக்கி தகராறு செய்த பத்து நிமிடங்களை மட்டும் விட்டுவிட்டேன்.)



அறிவிப்புப் பலகையில் "சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றிய பேச்சு" என்று பார்த்ததும் நம் செயலாளர் என்னிடம், "சார், இது குழந்தைகள் நிகழ்ச்சியா? பிஸ்கெட் வாங்கணுமா?" என்று கேட்டார். பெரியவர்களுக்குத்தான் சார், ஆனாலும் பிஸ்கெட் வாங்குங்கள் என்றேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதைக் காலி செய்துவிட்டார்கள். ஆகவே அவர்களும் கடைசிவரை இருக்க வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்கு காமிக்ஸ் என்றால் இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அதெல்லாம் உங்களுக்கும் தெரியும். இன்று பேசப்போவது அமெரிக்காவிலேயே பலர் தாண்டிப் போய்விட்ட ஒரு தொடர். பெயர் ஸ்குவாட்ரன் சுப்ரீம். மார்வெல் நிறுவனம் வெளியிட்டது. மொத்தம் 12 இதழ்கள்தான். முதல் இதழின் அட்டையில் செப்டம்பர் 1985 என்று போட்டிருக்கும். கடைசி இதழில் ஆகஸ்ட் 1986. எழுதியவர் மார்க் க்ரூன்வால்ட்.

எனக்கு இது கிடைத்தது 1988இல். என்னோடு கவுண்டரில் உட்கார்ந்த நண்பரின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். அவர் ஊருக்கு வரும்போது ஒரு கட்டு ஆங்கில காமிக்ஸ் கொண்டுவருவார். அந்தக் கட்டில் இந்தத் தொடரின் 7 இதழ்கள் இருந்தன. கடைசி இதழ் இல்லை. மதிய உணவு இடைவேளையில் டிபன் டப்பா மூடியை மேலே வைத்துப் படித்தேன். முடிவு என்ன ஆயிற்று என்று தெரியாமலேயே பதவி உயர்வைத் தவிர்த்து, இரண்டு ஊர் மாற்றலைத் தவிர்க்க முடியாமல், கடைசியில் ஹெட் கேஷியராக ஓய்வும் பெற்றுவிட்டேன். மனைவியின் முதல் வருஷத் திவசத்துக்கு வந்த என் மகன், அப்பாவுக்கு ஏதாவது பிடித்ததாக வாங்கிக்கொண்டு வரலாம் என்று 12 இதழும் சேர்ந்த தொகுப்பைக் கொண்டுவந்தான். அவன் அந்தப் பயணத்தில் இன்னொரு பொருளும் கொண்டுவந்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கதை. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் எல்லாம் சேர்ந்த ஜஸ்டிஸ் லீக் என்ற குழு பிள்ளைகளுக்குத் தெரியும். அது டிசி நிறுவனத்தின் சொத்து. அதைப் பார்த்து எதிர்க்கடைக்காரர்களான மார்வெல் ஒரு நகல் குழுவை உருவாக்கினார்கள். ராய் தாமஸ் என்ற எழுத்தாளர் 1971இல் அவெஞ்சர்ஸ் தொடரில் இந்தக் குழுவைக் கொண்டுவந்தார். வேறொரு பூமி, அங்கே வேறு வீரர்கள். சூப்பர்மேனுக்கு இணையாக ஹைபீரியன். பேட்மேனுக்கு நைட்ஹாக். வொண்டர் வுமனுக்கு பவர் பிரின்சஸ். வேகமாக ஓடுகிறவர் விஸ்ஸர், தண்ணீரில் வாழ்கிறவர் ஆம்ஃபிபியன், வில் வித்தைக்காரர் கோல்டன் ஆர்ச்சர், குரலால் தாக்குகிறவள் லேடி லார்க். இப்படி ஆளுக்கு ஆள் ஒரு ஜோடி சொல்லலாம். பிராண்டட் சட்டைக்குப் பக்கத்திலேயே எழுத்தில் ஒரு எழுத்தை மாற்றிப்போட்டு விற்பார்களே, அந்த ரகம். பதினைந்து வருஷம் இந்தக் குழுவுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

க்ரூன்வால்ட் அந்த நகல் சட்டையை எடுத்து ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு பலம் உள்ளவர்கள் ஏன் வங்கிக் கொள்ளையனையே துரத்திக்கொண்டிருக்கிறார்கள்? பசியை ஏன் ஒழிக்கவில்லை?

கதை தொடங்கும்போது அந்த உலகம் நொறுங்கிக் கிடக்கிறது. ஓவர்மைண்ட் என்ற வெளியுலகச் சக்தி எல்லோர் மனத்தையும் கைப்பற்றி நாட்டை நாசம் செய்துவிட்டது. அந்த நேரத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் நைட்ஹாக்தான், அதாவது கைல் ரிச்மண்ட். வீரர்களையும் அந்தச் சக்தி பொம்மைகளாக ஆட்டிவைத்தது. விடுபட்ட பிறகு பார்த்தால் ஊரில் உணவு இல்லை, மின்சாரம் இல்லை, கடைகளில் சூறை. குற்ற உணர்ச்சி தாங்காமல் வீரர்கள் கூடிப் பேசுகிறார்கள். பவர் பிரின்சஸ் ஒரு யோசனை சொல்கிறாள். அவள் பிறந்தது யுடோப்பியா என்ற தீவில். சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்த மக்கள். அந்த மாதிரி நாட்டையே ஏன் மாற்றக்கூடாது? ஹைபீரியன் ஏற்றுக்கொள்கிறார். ஒரு வருஷம் ஆட்சிப் பொறுப்பை நாமே எடுத்துக்கொள்வோம், பசி, நோய், குற்றம், போர் எல்லாவற்றையும் ஒழிப்போம், பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்கிறார். வாக்கெடுப்பு நடக்கிறது. முறைப்படி, பெரும்பான்மையில் நிறைவேறுகிறது. வேண்டாம் என்று ஆம்ஃபிபியன் சொல்கிறார், ஆனாலும் குழுவிலேயே இருக்கிறார். நைட்ஹாக் விலகிவிடுகிறார்.

அந்த முதல் இதழின் கடைசிப் பக்கங்கள் எனக்கு 1988இலிருந்தே மனப்பாடம். வீரர்கள் முகமூடியைக் கழற்றி மக்கள் முன் நின்று தங்கள் திட்டத்தை அறிவிக்கிறார்கள். அந்த மேடையில் நைட்ஹாக்கிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. ஹைபீரியனைக் கொல்லக்கூடிய ஒரே பொருள் ஆர்கோனைட். அதில் செய்த தோட்டா அதற்குள் இருக்கிறது. பழகிய நண்பர். சுட்டால் இதெல்லாம் இங்கேயே முடியும். சுட அவர் கை வரவில்லை.

இருபத்தாறு வயதில் எனக்கு ஹைபீரியனைத்தான் பிடித்தது. அன்று பேருந்துக்கு ஒரு மணி நேரம், தொலைபேசி இணைப்புக்குப் பல வருஷம், ரேஷன் கடையில் அரை நாள் என்று காத்திருந்தவனுக்கு, ஒரு நல்லவன் வந்து எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் சரிசெய்கிறேன் என்றால் பிடிக்காமல் இருக்குமா? நெருக்கடி நிலைக் காலத்தில் "ரயில் நேரத்துக்கு வருது, ஆபீஸ்ல எல்லாரும் சீட்ல இருக்காங்க" என்று எங்கள் தெருப் பெரியவர்கள் மெச்சிக்கொண்டது என் காதில் விழுந்திருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. களைத்துப் போனவர்கள்.

க்ரூன்வால்டின் நேர்மை இங்கேதான் இருக்கிறது. சாதாரணமாக இந்த மாதிரிக் கதையில் என்ன செய்வார்கள்? திட்டம் சொதப்பும். அல்லது ஹைபீரியன் பேராசைப்பட்டு சர்வாதிகாரி ஆகிவிடுவார், நாமும் "பார்த்தாயா, அதிகாரம் வந்தால் இப்படித்தான்" என்று புத்தகத்தை மூடிவிடலாம். இதில் திட்டம் வெற்றி பெறுகிறது. பசி தீருகிறது. பொதுமக்களிடமிருந்து துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிவிடுகிறார்கள். டாம் தம்ப் என்ற குள்ளமான மேதை, குழுவின் பொறியாளர், மக்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு கவசப் பட்டை தயாரிக்கிறார், எந்த அடியும் மேலே படாது. குணமாகாத நோயாளிகளுக்கு உறைதுயில் பேழைகள் செய்கிறார், மருந்து கண்டுபிடிக்கும் வரை அதில் தூங்கலாம். ஹைபீரியன் கடைசிவரை தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்வதில்லை. ஆடிட் பண்ணினால் ஒரு ரூபாய் வித்தியாசம் வராது.

அப்புறம் எங்கே கோளாறு? இங்கே என் தொழில் பாஷையில் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வங்கியில் ஸ்ட்ராங் ரூமை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. ஒரு சாவி ஹெட் கேஷியரிடம், இன்னொன்று அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். கூட்டுப் பொறுப்பு என்பார்கள். நான் அந்தச் சாவியைப் பதினோரு வருஷம் வைத்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம், என் பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்தது. ஒரு பெரிய பணப் பட்டுவாடா பாக்கி இருந்தது, வண்டி வரத் தாமதம். அப்போதிருந்த மேலாளர் தங்கமான மனிதர். "சாவியை என்கிட்டக் கொடுத்துட்டு நீங்க கிளம்புங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். நான் கொடுக்கவில்லை. வண்டி வந்து, பணம் போய், பூட்டிய பிறகுதான் கிளம்பினேன். அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அந்த விதியைக் கெட்டவர்களுக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும், அந்த மாதிரி ஒரு சாயங்காலத்தில் தெரிந்துகொள்வார்கள். கெட்டவன் கேட்டால் மறுப்பது சுலபம். நல்லவர், நம் நன்மைக்காகவே கேட்கும்போதுதான் அந்த விதிக்கு வேலை.

ஸ்குவாட்ரன் குழுவில் இரண்டாவது சாவி நைட்ஹாக்கிடம் இருந்தது. அவர் விலகிய நிமிஷத்தில் இரண்டும் ஹைபீரியன் கைக்கு வந்துவிட்டன. அடுத்த 11 இதழ்களும் அதன் விளைவுதான்.

நியூக் என்று ஒரு இளைஞன் குழுவில் இருக்கிறான். உடம்பில் அணுசக்தி. அவனோடு ஒரே வீட்டில் இருந்ததாலேயே அவன் அப்பா அம்மாவுக்குக் கதிர்வீச்சில் புற்றுநோய் வந்துவிடுகிறது. டாம் தம்ப்பிடம் போய் மருந்து கண்டுபிடியுங்கள் என்று மன்றாடுகிறான். நோயை ஒழிப்போம் என்று நாட்டுக்கே வாக்குக் கொடுத்தவர்கள் அல்லவா? முடியவில்லை. இருவரும் இறந்துவிடுகிறார்கள். துக்கத்தில் வெறிபிடித்து அவன் கிளம்ப, டாக்டர் ஸ்பெக்ட்ரம் அவனைத் தடுக்க ஒரு ஒளிக்குமிழிக்குள் அடைக்கிறார். உள்ளே இருந்த காற்றையெல்லாம் அவன் நெருப்பே தின்றுவிடுகிறது. கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. மூன்றாம் இதழிலேயே ஒரு பிணம். டாம் தம்ப்புக்கும் புற்றுநோய் இருக்கிறது. எதிர்காலத்திலிருந்து வரும் ஸ்கார்லெட் செஞ்சூரியன் என்ற வில்லன், ஹைபீரியனைக் கொன்றால் மருந்து தருகிறேன் என்று பேரம் பேசுகிறான். டாம் மறுத்துவிடுகிறார். ஒன்பதாம் இதழில் இறந்தும் போகிறார். கூட்டத்தில் பலத்தால் மிகச் சிறியவர். என் கணக்கில் தொடரிலேயே பெரிய மனிதர் அவர்தான்.

அடுத்து அந்த இயந்திரம். குற்றத்தை ஒழிப்பது எப்படி? டாம் தம்ப் குணத்தை மாற்றும் ஒரு கருவி செய்கிறார். கைதியை அதில் உட்காரவைத்தால் திருட வேண்டும், அடிக்க வேண்டும் என்ற எண்ணமே போய்விடும். சிறைச்சாலைகள் காலியாகும். பரம எதிரிகளையே அதில் உட்காரவைத்து, திருத்தி, குழுவில் சேர்த்துக்கொள்கிறார்கள். கூடவே ஒரு சின்ன ஏற்பாடும் செய்துவிடுகிறார்கள்: குழு உறுப்பினர் யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மூளையில் பதித்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். ஏப் எக்ஸ் என்ற பேசும் பெண் குரங்கு அப்படித் திருத்தப்பட்டவள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி எதிரணி உளவாளி என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. சொன்னால் ஒரு உறுப்பினரைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் குழுவைக் காட்டிக்கொடுத்ததாகும். மூளை அப்படியே உறைந்து நினைவு தப்பிவிடுகிறது. விசுவாசத்தை இயந்திரத்தில் வார்த்தால் ஆபத்து வரும்போது வாய் திறக்க ஆள் இருக்காது. இதை ஒரு குரங்கை வைத்து, நான்கைந்து கட்டங்களில் சொல்லிவிடுகிறார் க்ரூன்வால்ட்.

ஆனால் படிக்க முடியாமல் நான் புத்தகத்தை மூடிவைத்த இடம் வேறு. கோல்டன் ஆர்ச்சர் லேடி லார்க்கைக் காதலிக்கிறார். அவளிடம் கல்யாணப் பேச்சை எடுக்கிறார், அவள் மறுக்கிறாள். அவளை இழக்க அவரால் முடியவில்லை. ஒரு நாள் அவளைத் தந்திரமாக அந்தக் கருவியில் உட்காரவைத்து, தன்னைக் காதலிக்கும்படி மாற்றிவிடுகிறார். மறுநாளிலிருந்து அவள் அவரையே சுற்றிச் சுற்றி வருகிறாள். நிழலாக ஒட்டிக்கொள்கிறாள். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த அன்பை அவரால் பார்க்கச் சகிக்கவில்லை, அது யாருடையது என்று அவருக்குத் தெரியுமே. உண்மை வெளிவந்து அவரைக் குழுவிலிருந்து நீக்குகிறார்கள். அவளோ அப்போதும் அவரைத்தான் தேடுகிறாள்.

இளைஞனாக அதைப் படித்தபோது ஆர்ச்சர் மேல் கோபம் வந்தது, பக்கத்தைப் புரட்டினேன். இப்போது நான் நின்றது லார்க் பக்கத்தில்.

என் மகன் கொண்டுவந்த இன்னொரு பொருளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அது ஒரு கேமரா. உள்ளங்கை அளவுதான் இருக்கும். தனியாக இருக்கிறேன், விழுந்துகிழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்ற கவலை அவனுக்கு. நியாயமான கவலை. ஹாலில் டிவிக்கு மேலே பொருத்திவிட்டுப் போனான். அங்கிருந்தே போனில் பார்க்கலாம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கை தூக்கச் சொல்லமாட்டேன்.

ஒரு நாள் காலையில் போன். "அப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால்ல உட்கார்ந்துட்டே இருந்தீங்களே, என்ன ஆச்சு? தூக்கம் வரலையா? டாக்டர்ட்ட அப்பாயின்மென்ட் போடட்டுமா?" அவன் அம்மாவின் நாற்காலி அங்கே இருக்கிறது. சில இரவுகளில் எதிரே போய் உட்காருவேன். அது வியாதியும் இல்லை, சொல்லிக்கொள்கிற விஷயமும் இல்லை. "ஒண்ணுமில்லப்பா, தண்ணி குடிக்க வந்தேன்" என்றேன். அதற்குப் பிறகு அங்கே போவதை நிறுத்திவிட்டேன். யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிற அறையில் என் நடமாட்டம் தானாகவே ஒழுங்காகிவிட்டது. லேடி லார்க் அத்தியாயத்தில் நான் புத்தகத்தை மூடியது இதனால்தான்.

மூன்று நாள் கழித்து மகனிடம் பேசினேன். கேமரா இருக்கட்டும், ஆனால் சுவிட்ச் என் கையில் என்றேன். பகலில் நான் போட்டுவைக்கிறேன். ராத்திரி அணைத்துவிடுவேன். காலை ஏழு மணிக்குள் போடாவிட்டால் நீ பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணு. "உங்க நல்லதுக்குத்தானேப்பா" என்றான். தெரியும்ப்பா என்றேன். இரண்டு வாரம் அவன் பேச்சில் சுருக்கம் தெரிந்தது. பிறகு சரியாகிவிட்டது. அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹைபீரியன் மேலும் இல்லை. இருவருக்கும் ஒரே பிரச்சினைதான், அன்பு அதிகம், பலமும் அதிகம்.

கதைக்கு வருகிறேன். நடுவில் இன்னொரு கூத்து நடக்கிறது, வங்கிக்காரன் என்ற முறையில் அதை விடமுடியாது. மாஸ்டர் மெனஸ் என்ற விஞ்ஞானி, இன்னொரு உலகத்திலிருந்து ஹைபீரியனைப் போலவே இருக்கும் ஒரு கெட்டவனைக் கொண்டுவந்து ஆளை மாற்றிவிடுகிறான். நாட்டின் தலைமையில் போலி ஆள் உட்கார்ந்திருக்கிறான், கூடவே வேலை பார்ப்பவர்களுக்குக் கொஞ்ச காலம் வித்தியாசம் தெரியவில்லை. ஐந்நூறு ரூபாய் எடுக்க வருகிறவரின் கையெழுத்தையே நாங்கள் இரண்டு தரம் ஒத்துப்பார்ப்போம். இங்கே கே.ஒய்.சி. இல்லை, ஒன்றும் இல்லை. நல்லவர் என்ற நம்பிக்கையில் நாற்காலியைச் செய்துவிட்டால், அதில் யார் உட்கார்ந்தாலும் அதே மரியாதைதான் கிடைக்கும். உண்மையான ஹைபீரியன் திரும்பி வந்து அவனோடு மோதி ஜெயிக்கிறார். அந்தச் சண்டையில் அவருக்குக் கண்பார்வை போய்விடுகிறது.

நைட்ஹாக் சும்மா இருக்கவில்லை. வேறு உலகத்துக்குப் போய் கேப்டன் அமெரிக்காவிடம் உதவி கேட்கிறார். அந்தப் பகுதி இந்த 12 இதழ்களில் இல்லை. அதே க்ரூன்வால்ட் எழுதிக்கொண்டிருந்த கேப்டன் அமெரிக்கா தொடரில் வருகிறது. அவர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். ஊருக்குத் திரும்பி, ரிடீமர்ஸ் என்று ஒரு அணி திரட்டுகிறார். பழைய குற்றவாளிகள், புது ஆட்கள், வெளியேற்றப்பட்ட ஆர்ச்சர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். தன் ஆட்களை உளவாளிகளாக ஸ்குவாட்ரனுக்குள் அனுப்புகிறார். திருத்தப்பட்டவர்களின் மூளையை மறுபடி பழையபடி மாற்றவைக்கிறார். அதற்கு மாஸ்டர் மெனஸின் உதவியையே வாங்குகிறார். கையில் அழுக்குப் படாமல் அவரும் இல்லை.

பன்னிரண்டாம் இதழ். நான் முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்காத இதழ். இரு அணிகளும் நேருக்கு நேர் நிற்கின்றன. முதலில் பேச்சு. நைட்ஹாக் சொல்வதன் சாரம் இதுதான்: நீங்கள் நல்லவர்கள், சந்தேகமில்லை. உங்களுக்குப் பிறகு இந்தக் கருவிகள் யார் கைக்குப் போகும்? நீங்கள் செய்ததில் தோல்வி இருந்தால்கூட மக்கள் விழித்துக்கொள்வார்கள். வெற்றியடைந்த இயந்திரத்தை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

பேச்சு முறிந்து சண்டை. காமிக்ஸ் சண்டை என்று நினைக்காதீர்கள். பழகியவர்கள், ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள், ஒருவர் பின் ஒருவராக விழுகிறார்கள். ஆர்ச்சர் சாகிறார், புளூ ஈகிள் சாகிறார். கடைசியில் நைட்ஹாக்கும். நண்பனின் உடலருகே, பார்வையிழந்த ஹைபீரியன் சண்டையை நிறுத்துகிறார். நீ சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டு, கட்டியதையெல்லாம் கலைக்கச் சம்மதிக்கிறார். பிணங்கள் கிடக்கும் அந்த வேளையில் ஆர்கானா என்ற மந்திரக்காரிக்குப் பிரசவ வலி வந்து ஒரு குழந்தை பிறக்கிறது.

இவ்வளவு நல்ல தொடர் ஏன் கவனிப்பு இல்லாமல் போயிற்று? நேரம்தான். இதன் கடைசி இதழ் ஆகஸ்ட் 1986 என்றேன். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் செய்த வாட்ச்மென் தொடரின் முதல் இதழ் செப்டம்பர் 1986. அதே 1986இல்தான் ஃபிராங்க் மில்லரின் டார்க் நைட் ரிட்டர்ன்ஸும் வந்தது. சூப்பர் ஹீரோக்களிடம் அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்ற பேச்சு எடுத்தாலே இன்றுவரை அந்த இரண்டைத்தான் சொல்வார்கள். பெரிய கடை திறப்பதற்கு முதல் நாள் மூலையில் திறந்த கடை மாதிரி ஆகிவிட்டது இது.

நியாயமாகச் சொல்வதென்றால் குறைகளும் உண்டு. வாட்ச்மென்னின் வரைகலையும் கட்டமைப்பும் வேறு தரம். இதில் பாப் ஹால் தொடங்கி, நடுவில் ஜான் புஸேமா ஒரு இதழ் வரைந்து, பால் ரயான் முடித்துவைத்தார். கை மாறுவது கண்ணுக்குத் தெரியும். வசனம் அந்தக் காலத்துப் பாணி, கதவைத் திறந்துகொண்டே "நான் இப்போது கதவைத் திறக்கிறேன்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வார்கள். பளபளப்பான நிறங்கள், சிரிப்பூட்டும் உடைகள். பொருளாதாரத்தைப் பற்றி க்ரூன்வால்ட் அக்கறையே காட்டவில்லை. கவசப் பட்டைக்கும் பேழைக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று ஒரு பி.காம்.காரன் கேட்டால் பதில் கிடையாது. ஆனால் அந்தப் பழைய, அப்பாவி முகம்தான் இந்தத் தொடரின் பலம் என்று இப்போது படும்போது தோன்றுகிறது. வாட்ச்மென்னில் ஆரம்பத்திலிருந்தே எல்லோரும் ஏதோ ஒருவிதத்தில் உடைந்தவர்கள். இங்கே எல்லோரும் உண்மையாகவே நல்லவர்கள். நல்லவர்கள் வீட்டில் நடக்கும் விபத்து இன்னும் அதிகமாக உறைக்கிறது.

க்ரூன்வால்டைப் பற்றி இரண்டு வார்த்தை. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் ஊர்க்காரர். மார்வெலில் எந்தக் கதாபாத்திரம் எந்த இதழில் என்ன செய்தது என்று நுனிவிரலில் வைத்திருந்த ஆசிரியர். 1980களில் மார்வெல் பாத்திரங்களுக்கென்று ஒரு அதிகாரபூர்வக் கையேடு வந்தது, அதற்கு முக்கியமான மூளை அவர். யார் எத்தனை டன் தூக்குவார் என்பதுவரை பதிவு இருக்கும். ஒரு நல்ல லெட்ஜர் கீப்பர் என்று சொல்வேன். அது என் அகராதியில் உயர்ந்த பாராட்டு. கேப்டன் அமெரிக்காவைப் பத்து வருஷம் எழுதினார். 1996 ஆகஸ்டில் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 43. தன் அஸ்தியை ஒரு காமிக்ஸின் மையில் கலக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மனைவியும் நிறுவனமும் சேர்ந்து அதை நிறைவேற்றினார்கள். 1997இல் இந்த 12 இதழ்களும் முதல்முறை ஒரே புத்தகமாக வந்தபோது, அந்த முதல் அச்சின் மையில் அவர் அஸ்தி கலந்திருந்தது. எத்தனையோ பக்கங்கள் எழுதியவருக்கு, இதுதான் பொருத்தமான இடம் என்று அவரைச் சேர்ந்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. என்னிடம் இருப்பது பிற்பாடு வந்த பதிப்பு. பயப்படாமல் தொடலாம்.

பேசி முடித்ததும் பி பிளாக்கில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அங்கிள், நைட்ஹாக் முதல் நாளே சுட்டிருந்தா இவ்வளவு பேர் செத்திருக்க மாட்டாங்களே?" கணக்குப் போட்டால் உண்மைதான் தம்பி. ஆனால் அன்றைக்கு அவர் சுட்டிருந்தால், யாரையும் கேட்காமல் ஊர் நன்மைக்காக ஒரு முடிவை எடுத்த முதல் ஆள் அவராக இருந்திருப்பார். அதற்குப் பிறகு ஹைபீரியனைக் குறை சொல்ல அவருக்கு வாய் இருக்காது. அவன் திருப்தியடையவில்லை. படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன் என்றான்.

புத்தகத்தை நம் சங்க நூலக அலமாரியில் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், இரண்டு வாரம். அலமாரிச் சாவி ஒன்று என்னிடம், ஒன்று செயலாளரிடம். தயவுசெய்து யாரும் பன்னிரண்டாம் இதழை முதலில் படிக்காதீர்கள்.